மாத்தாள் என்று சொன்னேன்

என் காட்டில் மக்காச்சோளம் அடித்த மிஷினில் ஒரு பெண்ணின் வலது கை போனது. அவர் என்னிடம் கூலிக்கு வந்தவரே இல்லை என்று அதிகாரியிடம் பொய் சொன்னேன்.

வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊரில் மாத்தாள் என்று ஒரு வழக்கம் உண்டு. இன்று நீங்கள் எங்கள் காட்டுக்கு வந்தால், நாளை நாங்கள் உங்கள் காட்டுக்கு வருவோம். கூலி கிடையாது. கூலியாள் மிஷினில் அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாத்தாள் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் குடிமையியல் நடத்தியவன் நான். தெரிந்ததனால்தான் அந்தச் சொல் சட்டென்று வாயில் வந்தது.

அந்தப் பெண்ணின் அண்ணன் கொடுத்த மனுவை விசாரிக்கத் தொழிலாளர் துறை அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார்.

"மாத்தாள் சார். சொந்தக்காரங்க மாதிரிதான்" என்றேன்.

அந்தச் சொந்தக்காரரை என் வீட்டு வாசற்படி தாண்டி நான் உள்ளே விட்டதில்லை. அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. பதிலுக்கு நான் யார் காட்டில் போய் வேலை செய்வது? அதிகாரி அதைக் கேட்கவில்லை. கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். அவருடைய மகள்கள் இருவரும் எங்கள் ஊர்க் காடுகளில்தான் களை வெட்டினார்கள். மனு தள்ளுபடியானது.

சில வருடங்கள் கழித்து, நிலத்தை மகன் பேருக்கு எழுதிவைத்த பிறகே எனக்குத் துணிச்சல் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆபீசுக்குப் போய், அன்று சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன்.

"அந்தம்மா வந்து கேட்டாத்தான் சார் மேல பாக்க முடியும். கூட்டிட்டு வாங்க" என்றார் புதிய அதிகாரி.

நான் தேடிப் போனபோது அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் முறத்தைக் காலால் பிடித்துக்கொண்டு இடது கையால் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க சார். மாத்தாளு வேணுமா?"

வந்த காரியத்தைச் சொன்னேன்.

"ஒங்களுக்கு மனசு ஆறிடும். அப்பறம் எம் மவளுவள யாரு காட்டுல சேப்பாங்க?"

"சட்டம் இருக்கும்மா."

"இருக்கட்டும். அது வந்து களை வெட்டக் கூப்புடுமா?"

அவர் வரவில்லை. ஆனால் நான் எழுதிக் கொடுத்த சேதி ஊருக்கு வந்துவிட்டது. அவர்தான் வாத்தியாரைத் தூண்டிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அந்த விதைப்புப் பட்டத்தில் களை வெட்ட ஊர்க்காரர்கள் வெளியூர் ஆட்களை வேனில் ஏற்றி வந்தார்கள், என் மகனும் அப்படித்தான் செய்தான். பென்ஷனில் ஒரு பங்கை மாதாமாதம் அவருக்குக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறார், பேசுவதில்லை. மகள்கள் இருவரும் விடியுமுன் பஸ் ஏறி, தூரத்து ஊருக்குக் குறைந்த கூலிக்குப் போய் வருகிறார்கள்.