வேலைக்கு முந்தைய போட்டோ

பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனை நாளும் தைலம்மாள் கூலி வேலைக்குப் போகவில்லை. நைனார்பாளையத்துக்கு அருகிலுள்ள தன் ஊர்க் குளத்தில் பதினான்கு பேரோடு இறங்கி, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினார், சேற்றை வாரிக் கரையில் கொட்டினார். இனி மழைக்கு முன் கரைக்குக் கல் பதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாரிய மண் மொத்தமும் திரும்பக் குளத்துக்குள் சரிந்துவிடும். ஊர் வேலை செய்யும் தன்னார்வக் குழுக்களுக்கு அரசு நிதி தருகிறது என்று கேள்விப்பட்டு, ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒரு மனுவோடு வட்டார வளர்ச்சி அலுவலகப் படியேறினார்.

எழுத்தர் மனுவில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். "கொளம் சுத்தமா கீதே! வேலைக்கு முந்தி எடுத்த போட்டோ எங்கம்மா?"

"அப்ப கையில அருவா இருந்துச்சுங்க, போன் இல்ல."

"மோசமா இருந்துச்சுன்னு காட்டாம நிதி கெடைக்காது. பக்கத்து ஊரு கொளம் பொதராத்தான கீது? அத்த எடுத்து ஒட்டிக்கினு வாம்மா."

தைலம்மாளுக்கு உச்சந்தலைவரை சுட்டது. முள் கிழித்த இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார்.

"இதான் போட்டோ, நல்லா பாத்துக்கங்க. வேலைய முடிச்சிட்டு வந்தது தப்பா? அடுத்த ஊரு அசிங்கத்தக் காட்டி எங்க கொளத்துக்குக் கல்லு வாங்கணுமா? சும்மா இருந்தவனுக்குத்தான் குடுப்பீங்கன்னா, வாசல்ல போர்டு எழுதி மாட்டுங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுத்தர் முகம் சிவந்து மனுவைத் திருப்பி நீட்டினார். அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு தைலம்மாள் இறங்கினார்.

கல் வரும்வரை மண் சரியாமலிருக்க, வரும் ஞாயிற்றுக்கிழமை குழு கரையில் மணல் மூட்டைகளை அடுக்குகிறது. மறுநாள் அதே மனுவோடு, அதே படத்தோடு, தைலம்மாள் ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறார்.