கண்ணாடிக்கு முன்னால் அம்மன்

எங்கள் வேங்கிக்கால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாசனை வந்ததுமே என் கை தானாகக் கண்ணைப் பொத்திக்கொண்டது. தேரடி வீதியில் இன்று லாட்ஜ் நிற்கிற இடத்தில் இருந்த அப்பாவின் ஃப்ரேம் கடையில் எந்நேரமும் இதே வாசனைதான். கண்ணில் வர்ணம் உதிர்ந்த பழைய அம்மன் படம் சரிசெய்ய வந்தால், அதைச் சுவர்ப் பக்கம் திருப்பியே வைத்திருப்பார். கண்ணுக்குக் கருமணி எழுதும் அன்றுதான் முன்பக்கம் திருப்பி, எதிரே பெரிய கண்ணாடியை நிறுத்தி, தான் ஓரமாக உட்காருவார்.

"எதிர்ல நிக்காதடி. மொதப் பார்வை கண்ணாடி மேலதான் விழணும். மனுஷங்க தாங்க மாட்டாங்க."

நான் படத்தின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வேன். அங்கே ஆணித்துரு நெடியும், பிரஷ்ஷைத் தகர டப்பாவில் தட்டும் சத்தமும்தான். இங்கிருந்தால் அவள் பார்வை படாது என்ற தைரியத்தில் ஒருநாள் மெல்லத் தலையை நீட்டினேன்.

எதிரே கண்ணாடிக்குள், ஈரம் காயாத அந்தக் கண் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.