கட்டிக்குள் நின்ற ரவுண்டு செல்கள்

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ஒரு நோயாளி மாட்டேன் என்றால் அந்தச் செய்தி லேப்புக்கு வராது. வார்டிலேயே பேசி முடித்துவிடுவார்கள். இபுராஹிம் நானா மாட்டேன் என்றபோது மட்டும் நேராக என்னிடம் வந்தார்கள். அவர் சொன்ன காரணம் என் மேஜையிலிருந்து போனது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் லேப் அசிஸ்டெண்டாக இருந்தேன். 1930களின் தொடக்கம். நானா நாகூர்ப் பக்கத்துக்காரர். மூங்கில் கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் கறிச்சட்டிகளும் தொங்க, தோளில் சுமந்து துறைமுகத்தில் விற்பவர். அந்தச் சோற்றை அங்கே நாசி கந்தர் என்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் அவருடைய மீன் கறிக்காகக் காத்து நிற்பார்கள். நாக்கின் இடது ஓரத்தில், உடைந்த பல் உராயும் இடத்தில், புண் வந்து புளியங்கொட்டை அளவுக்குக் கட்டியாகிவிட்டது. நாக்கில் பாதியை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கறிக்கு உப்பு பார்க்கிற நாக்கு அது. எடுத்தால் தொழில் போகும், எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவார்.

ஐந்நூறு செல்கள்

சோதனைக்காக வெட்டிய சிறு துண்டு ஃபார்மலினில் ஊறி என்னிடம் வந்தது. இப்போது லேப்பில் சேரும் பிள்ளைகளுக்கு மின்விசிறியும் குளிர்பெட்டியும் இருக்கின்றன. அப்படியிருந்தும் மடிப்பு விழுந்த ஸ்லைடைத்தான் கொடுக்கிறார்கள். எங்களுக்குப் பினாங்கு வெயிலில் மெழுகு கெட்டியாக நிற்காது. துண்டைப் பதித்த மெழுகின் மேல் ஐஸ் கட்டியை வைத்து, காலையிலேயே மைக்ரோடோம் என்ற சீவுகிற கருவியில் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். அன்று எனக்கு ஒழுங்காக விழுந்தவை ஏழு சீவல்கள்.

சாயம் ஏற்றிப் பார்த்தேன். புற்று என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கட்டி முழுவதும் புற்றுச் செல்கள் அல்ல. அவை தீவு தீவாகக் கிடந்தன. இடையில் இருந்ததெல்லாம் நோயாளியின் சொந்த உடம்பு: ரத்தத்திலிருந்து வந்த லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள், பிளாஸ்மா செல்கள், கழிவைத் தின்னும் பெரிய செல்கள், நார் பின்னுகிற செல்கள், புது ரத்தக்குழாய்கள். சிறிய உருண்டைகளை நாங்கள் மொத்தமாக ரவுண்டு செல் என்போம். ‘ரவுண்டு செல் நிறைய’ என்று ரிப்போர்ட் எழுதுவது வழக்கம். நிறைய என்றால் எவ்வளவு? ஐந்நூறு செல்களை எண்ணினேன். நூற்றுக்கு அறுபத்து மூன்று உடம்பின் சொந்தச் செல்கள், முப்பத்தேழு புற்று.

டாக்டர் வெள்ளைக்காரர். எண்ணியது சரி, அதற்கு என்ன அர்த்தம் என்று தனக்குத் தெரியாது என்றார். ரவுண்டு செல்கள் புற்றோடு சண்டைக்கு வந்தவை என்று சொல்பவர்கள் உண்டு, புண் உள்ள இடத்தில் சும்மா வந்து சேர்கிறவை என்பவர்களும் உண்டு என்றார்.

வார்டில் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் செல்லையா அப்போது பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கு அது உறைக்கவில்லை.

வார்டில்

“என்ன நானா, நாளைக்கு ஆபரேஷன். இப்ப வந்து வேணாங்கிறீங்களாமே?” என்றேன்.

“தம்பி, நீதானே எண்ணுன ஆளு? நூத்துல அறுபத்து மூணு பேரு நம்ம ஆளுங்களாமே?”

“யாரு சொன்னது?”

செல்லையா அடுத்த கட்டில்காரரின் கட்டை மிகக் கவனமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். “நாந்தான். பயந்துபோயி கெடந்தாரு. ஒரு தைரியத்துக்குச் சொன்னேன்லா.”

“நல்லாத்தான் சொன்னே” என்றார் நானா. “எதிராளி முப்பத்தேழு. ஜெயிக்கிற சண்டையில எவனாச்சும் தன் கோட்டைய இடிப்பானா? ரெண்டு மாசம் விடுங்க. நம்ம பயலுவ தொரத்திருவானுவ.”

“அப்படிக் கணக்குப் பாக்கக் கூடாது நானா.”

“பின்ன எதுக்கு எண்ணுன?”

ஸ்லைடை நானாவுக்குக் காட்டலாமா என்று டாக்டரிடம் போய்க் கேட்டேன். கூட்டி வந்து காட்டு, நோய் அவருடையதுதானே என்றார்.

நானா மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். செல்லையாவும் பின்னாலேயே வந்து நின்றார்.

“ஊதாவா இருக்கு. ஒண்ணும் தெரியல.”

திருகைச் சரிசெய்தேன்.

“ஆ, வெங்காயம்! குறுக்க நறுக்குன வெங்காயம் மாதிரி, வளையம் வளையமா.”

“அதான் நோய்.”

“சுத்திலும் கடுகு கொட்டுனாப்ல இருக்கே?”

“அதான் உங்க ஆளுங்க.”

ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். இன்னும், இன்னும் என்றார். ஏழையும் பார்த்தார்.

“கடுகெல்லாம் வெளியிலதான் கெடக்கு. வெங்காயத்துக்குள்ள ஒண்ணக்கூடக் காணோமே.”

“இதுல அப்படித்தான் நானா.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் கம்ப எறக்கி வச்சா சுத்திக் கூட்டம் நிக்கும். பாதிப் பேரு வேடிக்க பாக்கிறவன். யோவ் டிரெஸ்ஸரு, உன் படைய நம்பியிருந்தா நான் மவுத்தாப் போயிருப்பேன்லா.”

செல்லையா தலையைச் சொறிந்தார்.

“வெட்டச் சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்ன எனக்குக் கொஞ்சம் மீன் கறி வேணும்.”

செல்லையா சைக்கிளில் போய் வாங்கி வந்தார். நானா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “உப்பு கம்மி” என்றார்.

மீதித் துண்டு

வெட்டிய பாதி நாக்கு ஜாடியில் என்னிடம் வந்தது. பல இடங்களிலிருந்து சீவினேன். வெட்டிய விளிம்பில் புற்று இல்லை. ஆனால் கட்டியின் பின்பக்கம் மூன்று இடங்களில் ரவுண்டு செல்கள் தீவுகளுக்குள்ளேயே புகுந்திருந்தன. அங்கே புற்றுச் செல்கள் சிதைந்து கிடந்தன.

அடுத்த வாரம் வார்டுக்குப் போனேன். நானாவால் பேச முடியாது. என்னைக் கண்டதும் இரண்டு விரலைச் சேர்த்துக் கடுகைக் கிள்ளுவதுபோல் காட்டி, புருவத்தை உயர்த்தினார்.

“மூணு எடத்துல உள்ள போயிருந்தாங்க நானா. மத்த எடத்துல இல்ல.”

அவர் கண்ணில் நீர் கட்டியது. மார்பில் கையை வைத்துக்கொண்டார். அது வலியா, வருத்தமா, தன் ஆட்களுக்கு வைத்த சலாமா என்று நான் கேட்கவில்லை. பிறகு பல வருஷம் அவர் துறைமுகத்தில் சோறு விற்றார். உப்பு பார்த்தது அவருடைய மச்சான்.

லேப்பில் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனை என்று எழுதும்போது, எங்கே நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். ஓரத்திலா, உள்ளேயா? எந்தத் துண்டில் பார்த்தது என்பதையும் எழுதுங்கள். உள்ளே யாரும் இல்லை என்று அன்று நாங்கள் பார்த்தது புளியங்கொட்டையின் ஒரு மூலையை மட்டும்தான். வெட்டுவது என்ற முடிவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மனிதர் அந்த மூலையை நம்பித்தான் நாக்கை நீட்டினார்.