கார்டு பெட்டியையும் சேர்த்து

கண்ணாடிக் கடைகளில் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைக் காட்டுவார்கள். நம் கண்ணாடிக்காரம்மாவின் வழக்கமே வேறு. புதுக் கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டு, ஆளின் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்பக்க ஜன்னலைக் காட்டுவாள்.

"அதோ நிக்குது பாருங்க கூட்ஸ் வண்டி. அதுல மூணாவது பெட்டியோட நம்பரைப் படிங்க."

படித்துவிட்டால் கண்ணாடி சரி. திணறினால் லென்ஸைக் கழற்றி மறுபடி பார்ப்பாள். கடைக்குப் பின்னால் இருக்கும் ரயில்வே யார்டில் வண்டி இல்லாத நேரத்தில் வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம், வண்டி வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து நம்பர் படித்துவிட்டுப் போனவர்கள்தான் அடுத்த தடவையும் அவளிடமே வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. லென்ஸின் விளிம்பைத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு நாள் மேஜை மேலிருந்த குட்டி குட்டித் திருகாணிகள் தட்டில் தானாகவே குலுங்க ஆரம்பித்தன. என்னடா இது என்று நிமிர்ந்தால், ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு சரக்கு ரயில் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

பயணிகள் ரயில் அவளுக்கு ஆகாது. "அதுல என்ன இருக்கு? எங்க போகுதுன்னு நெத்தியிலயே எழுதி ஒட்டிக்கிட்டு வருது" என்பாள். கூட்ஸ் அப்படியா? எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, உள்ளே நிலக்கரியா, கோதுமையா, சிமெண்டா, எதையும் சொல்லாது. வந்து நிற்கும். அசையாமல் அரை நாள் கிடக்கும். திடீரென்று யாரோ கூப்பிட்ட மாதிரி கிளம்பிவிடும். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் தாங்காது. காரணம் கேட்டால் அவளுக்கே தெரியாது, நமக்கு எப்படித் தெரியும்?

கணவர் டவுன் பஸ் ஓட்டுநர். "வீட்டுல ஒரு பஸ் டிரைவரை வச்சுக்கிட்டு ஊரான் வீட்டு ரயிலைப் போய்ப் பாக்குறாளே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். 

அவளும் சளைத்தவள் இல்லை. "உங்க வண்டிக்கு ஒரே பெட்டி. அதையும் எண்ணி முடிச்சாச்சு" என்பாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை வம்பில்லை. எட்டு வருஷத்துக்கு முன் யார்டுச் சுவரில் ஓரிடத்தில் கற்கள் சரிந்து ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. ஆசை யாரை விட்டது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மெல்ல உள்ளே நுழைந்து, வண்டிகளின் வால்பக்கமாக நடந்து பார்க்க ஆரம்பித்தாள். கையில் ஒரு பச்சைக் குடை. வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமில்லை, முகத்தை மறைக்கவும்தான். யார்டு மாஸ்டர் தூரத்தில் நின்று "யாரும்மா அது! வெளிய போ!" என்று கத்தும்போது, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எடுப்பாள் ஓட்டம். போன மழைக்காலத்தில் அப்படி ஓடியபோது குடை சுவர்க் கம்பியில் சிக்கிக்கொண்டது. உயிர் பிழைத்தால் போதுமென்று விட்டுவிட்டு வந்தாள்.

ஆனால் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வருகிற ஆளும் இல்லை அவள். லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண்ணாயிற்றே. ஒரு பெட்டியின் கதவு கொண்டி மாட்டாமல் தொங்கினால் அது அவள் கண்ணில் படும். உடனே கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதுவாள்: "நாலாவது லைன். கடைசியிலிருந்து பதினேழாவது பெட்டி. கதவு சரியாக மூடவில்லை." யார்டு ஆபீஸ் ஜன்னல் இடுக்கில் செருகிவிட்டு வந்துவிடுவாள். பெயரும் போடுவதில்லை, ரசீதில் கடை பெயர் இருக்கிற பாகத்தையும் கிழித்துவிடுவாள். எட்டு வருஷத்தில் இப்படி முப்பது சீட்டாவது போயிருக்கும்.

இப்படித் திருட்டுத்தனமும் உபகாரமுமாக வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மகள் ஒரு நாள் வந்து நின்றாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறதாம். பையன் தங்கமானவன். மூன்று வருஷப் பழக்கம். அம்மா உச்சி குளிர்ந்து போனாள்.

"அவங்க அப்பா என்ன பண்றாரு?"

"யார்டு மாஸ்டர்மா. நம்ம கடைக்குப் பின்னாடிதான்."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. கடைசியில் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அவரு ரொம்ப கண்டிப்பானவரு. ரூல்னா ரூல். அந்தக் குடைக்காரிய நினைச்சாலே அவருக்குப் பிரஷர் ஏறும்னு இவரே சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறோம். அங்க நீ ரயில்ங்கிற வார்த்தையையே எடுக்கக் கூடாது. எனக்காக. சரியா?"

"சத்தியமா வாயே திறக்க மாட்டேன்டி."

ஞாயிறு நாலு மணிக்கு மூன்று பேரும் போனார்கள். யார்டை ஒட்டியே குவார்ட்டர்ஸ். முன் அறையில் நாலு நாற்காலி, ஒரு நீள பெஞ்சு, பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடலாம் போல, மெயின் லைன். கண்ணாடிக்காரம்மா சட்டென்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மகள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

யார்டு மாஸ்டரின் மனைவி தட்டில் டீ கொண்டுவந்தாள். வந்த மூன்று பேர், யார்டு மாஸ்டர், பையன் என்று ஐந்து பேர் கைக்கும் ஆளுக்கொரு கப் வந்தது. "நீங்க உக்காருங்க" என்று சொன்னதற்கு, "நான் அப்புறமா குடிச்சுக்கிறேன்" என்று கதவோரம் நின்றுகொண்டாள்.

பேச்சு நல்லபடியாகவே போனது. பையனைப் பற்றி, பெண்ணைப் பற்றி, பஸ்ஸின் பிரேக்கைப் பற்றி. பிறகு ஓட்டுநர், பாவம், வெள்ளை மனசு, பேச்சுவாக்கில் கேட்டுவிட்டார்: "யார்டுல வேலை ரொம்பக் கஷ்டமோ?"

அவ்வளவுதான். யார்டு மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேலை கஷ்டமில்லைங்க. மனுஷங்கதான் கஷ்டம். ஒரு பொம்பளை, பச்சைக் குடையைப் பிடிச்சுக்கிட்டு எட்டு வருஷமா என் உயிரை வாங்குது. லைன்ல நடக்குது! ஏதோ பூங்காவுல உலாத்துற மாதிரி! குடை மட்டும் மாட்டிக்கிச்சு. ஆபீஸ்ல கதவுக்குப் பின்னாடி மாட்டி வச்சிருக்கேன். என்னைக்காவது ஆளும் மாட்டும்."

மகள் டீயைச் சூட்டோடு சூடாக விழுங்கினாள். கண்ணாடிக்காரம்மா தரையைப் பார்த்தாள்.

"ஆனா நல்லவங்களும் இருக்காங்க" என்று அவர் குரல் இறங்கியது. "ஒரு புண்ணியவான் சீட்டு எழுதிப் போடுறாரு. கதவு திறந்திருக்கு, சங்கிலி தொங்குதுன்னு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, சக்கரத்துல புகை வருதுன்னு ஒரு சீட்டு. அது எண்ணெய் வண்டி. அன்னைக்கு மட்டும் அவரு பாக்கலைன்னா..." அவர் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு ரிட்டயர் ஆன கார்டாத்தான் இருக்கணும். ஏன்னா, அவரு கணக்கு ஒண்ணு தள்ளி வரும். பதினேழுன்னு எழுதியிருந்தா நாங்க பதினாறைப் பாக்கணும். கடைசியில கார்டு உக்காந்து வர்ற பெட்டி இருக்கே, அதையும் சேர்த்து எண்ணுறாரு. யார்டுல நாங்க சரக்குப் பெட்டிய மட்டும்தான் எண்ணுவோம். முதல்ல என் ஆளுங்க தப்பான பெட்டிக்குப் போய் நின்னுட்டுத் திட்டிக்கிட்டே திரும்பி வருவாங்க. இப்போ, சீட்டு வந்தா ஒண்ணைக் கழிச்சுக்கோன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கண்ணாடிக்காரம்மாவுக்கு ஒரு காதில் வசவு, ஒரு காதில் வாழ்த்து. எட்டு வருஷமாகத் தன் சீட்டை ஒரு மனிதர் இவ்வளவு மரியாதையாகப் படித்திருக்கிறார் என்பதில் நெஞ்சு பொங்கியது. ஒரு பெட்டி தள்ளிப் போனார்களா என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து டீ கப்புகள் தட்டில் குலுங்கின. மெயின் லைனில் ஒரு சரக்கு ரயில் வந்தது. அவள் திரும்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? சக்கரச் சத்தத்தை வைத்தே முந்தானைக்குள் விரல்கள் எண்ணத் தொடங்கிவிட்டன. எதிரே யார்டு மாஸ்டரின் உதடுகளும் அசைந்தன. வண்டி கடந்து போனது.

"ஐம்பத்தெட்டு" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

"ஐம்பத்தொன்பது" என்றாள் அவள்.

தவளை தன் வாயால் கெட்டது.

யார்டு மாஸ்டர் அவளையே பார்த்தார். முதலில் ஒன்றும் புரியாத பார்வை. பிறகு மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நீங்களா? சீட்டு எழுதுறது நீங்களா? கடவுளே, நான் ஆம்பளைன்னுல்ல நினைச்சேன்! கண்ணாடிக் கடை ஜன்னல்... அங்கிருந்து பாத்தே எழுதுறீங்களா?"

மகள் அவசரமாக ஆமாம் என்று தலையாட்டச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினாள். ஒரு தலையாட்டல் போதும். கல்யாணம் நிச்சயம், பெயரும் கிடைக்கும். குடை கதவுக்குப் பின்னாலேயே தொங்கிவிட்டுப் போகட்டும்.

கண்ணாடிக்காரம்மாவால் முடியவில்லை. சம்பந்தம் பேச வந்த வீட்டில் முதல் பேச்சே பொய்யாக இருந்தால், பிறகு இந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது?

"இல்லீங்க. உள்ள வந்துதான் பாத்தேன்" என்றாள். "அந்தப் பச்சைக் குடை என்னோடதுதான்."

யார்டு மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். 

"அப்பா!" என்று பையன் பின்னாலேயே ஓடினான். மகளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. 

"தப்பு என்னோடதுதான், நான்தான் யார்டுன்னு பேச்சை எடுத்தேன்" என்றார் ஓட்டுநர். கண்ணாடிக்காரம்மாவுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பெற்ற பெண்ணின் வாழ்க்கையைவிடக் கூட்ஸ் வண்டி பெரிதாகிவிட்டதா என்று நொந்துபோனாள்.

பத்து நிமிஷம் கழித்து அவர் திரும்பி வந்தார். ஒரு கையில் பச்சைக் குடை. இன்னொரு கையில் யார்டு ஆட்கள் போடுகிற ஆரஞ்சு நிறச் சட்டை.

"கழட்டி விட்ட பெட்டி தானா உருண்டு வரும்போது சத்தமே வராது. தெரியுமா உங்களுக்கு?" அவர் குரல் கோபத்தில் உடைந்தது. "குடையைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு ஓடுறீங்களே, பக்கத்து லைன்ல என்ன வருதுன்னு எப்படித் தெரியும்? எட்டு வருஷம்! உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா, இந்தப் பொண்ணு யாரை அம்மான்னு கூப்பிடும்?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திட்டு வாங்கி இவ்வளவு நிம்மதி அடைந்தவர்களை நான் பார்த்ததில்லை.

"இனிமே தனியா அந்தச் சுவர் பக்கம் போகக் கூடாது. நாளைக்கே அதை அடைக்கிறேன். பாக்கணும்னா என்கிட்ட சொல்லிட்டு, இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, என்கூட வரணும்." சட்டையை நீட்டினார். "வாங்க."

"இப்பவா?"

"மூணாவது லைன்ல ஒரு வண்டி நிக்குது. இன்னும் எஞ்சின் மாட்டலை. அசையாது."

முன்னால் அவர், பின்னால் புடவைக்கு மேல் தொளதொளவென்று ஆரஞ்சுச் சட்டையோடு அவள். கார்டு பெட்டியின் படியைக் காட்டி ஏறச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக எண்ணிய பெட்டி. உள்ளே ஒரு மர பெஞ்சு, ஒரு கொக்கி, சுவரில் யாரோ கிறுக்கிய தேதிகள். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முன்பக்க மேடைக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லைன் அங்கே வளைந்து போவதால் வண்டி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. சிரிப்பு அவளையும் மீறி வந்தது.

"எண்ணுங்க" என்றார் கீழே நின்றவர்.

அவள் விரல் நீட்டி, உதடு அசைத்து, நிதானமாக எண்ணினாள். "நாப்பத்திரண்டு."

"சரியா எண்ணினீங்களா?"

"சரியாத்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். காலுக்குக் கீழே பார்த்தாள். தான் நிற்கிற பெட்டியை எண்ணவே இல்லை.

யார்டு மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அவ்வளவுதாங்க எங்க கணக்கு. வீட்டுக்கு வந்தவங்களை எண்ணும்போது வீட்டு ஆளையா எண்ணுவோம்?"

அவர்கள் திரும்பியபோது வாசலிலேயே எல்லாரும் நின்றிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டையில் அம்மாவைப் பார்த்த மகள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

உள்ளேயிருந்து யார்டு மாஸ்டரின் மனைவி கேட்டாள்: "ஆறிப்போச்சு, மறுபடியும் டீ போடுறேன். விருந்தாளிங்க எத்தனை பேருங்க?"

"விருந்தாளியா?" அவர் செருப்பைக் கழற்றினார். "ஒருத்தரும் இல்லையே."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு பையன் மகளைப் பார்த்தான், மகள் அம்மாவைப் பார்த்தாள். 

ஓட்டுநர் மட்டும் கவலையோடு, "அப்போ டீ கிடையாதா?" என்றார். வீடே சிரித்தது.

கண்ணாடிக்காரம்மா நேராக அடுப்படிக்குள் போனாள். இனி அனுமதி எதற்கு? அங்கே சம்பந்தியம்மா வழக்கம்போல ஐந்து கப்புகளை வரிசையாக வைத்திருந்தாள். கண்ணாடிக்காரம்மா ஒரு தடவை எண்ணினாள். அலமாரியிலிருந்து இன்னொரு கப்பை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றாள் சம்பந்தியம்மா.

"உங்களுக்குத்தான். அவரு என்ன வேணா சொல்லட்டும், கார்டு பெட்டியையும் சேர்த்துத்தான் எண்ணணும்."

சம்பந்தியம்மா இந்தத் தடவை கதவோரம் நிற்கவில்லை. முன் அறையில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து டீ குடித்தாள்.