படம் ஒன்று, நான் சொன்ன கதை ஒன்று

திரை ஓரத்தில் நின்று இங்கிலீஷ் படத்துக்குத் தமிழில் கதை சொல்கிறவனுக்கு ஒரே ஒரு எதிரிதான். அது அந்தப் படம். நீங்களும் வீட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாத பாஷைப் படத்துக்கு அர்த்தம் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

யுத்த காலத்தில், திருத்தணி மலையடிவாரத்தில் போட்டிருந்த டென்ட் கொட்டகையில் எனக்கு அந்த வேலை. தகுதி, மிஷன் ஸ்கூலில் எட்டாவது பாஸ். பாதிரியார் நிதானமாகப் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியும். ஹாலிவுட்காரன் மூக்கால் பேசுகிற இங்கிலீஷில், சத்தியமாகச் சொல்கிறேன், பத்துக்கு இரண்டு வார்த்தைதான் புரியும். மீதி எட்டும் என் சொந்தச் சரக்கு.

இரண்டு கல்யாணம்

படத்தில் முத்தம் வந்தால் பெண்கள் பக்கம் அத்தனை தலையும் குனிந்துவிடும். அதனால், "இவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். ஒரு படத்தில் அப்படிச் சொல்லி மூன்று ரீல் ஓடிய பிறகு, அதே ஜோடி மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள்! எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. மணல் தரையில் உட்கார்ந்திருந்த பூக்கடைக்காரர்தான் பக்கத்து ஆளுக்கு விளக்கம் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினார்: "மலை மேல தாலி கட்டிட்டாங்கய்யா. இப்போ ஊருக்காகக் கீழ ஒரு தபா பண்றாங்க. நம்ம மாதிரிதான்."

தமிழில் வெற்றி, தெலுங்கில் தோல்வி

எங்கள் கொட்டகையில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். தமிழில் சொன்னதைத் தெலுங்கில் திருப்பிச் சொல்வதற்குள் படம் எங்கேயோ போய்விடும். ஒரு கத்திச் சண்டையில், "நம்ம ஆளு கத்தியத் தட்டிவுட்டான், ஜெயிச்சாச்சு!" என்று தமிழில் கத்தினேன். தெலுங்கில் வாயைத் திறக்கிறேன், அவன் கீழே மல்லாந்து கிடக்கிறான். எல்லாரும் பார்க்கிறதை எப்படி மாற்றுவது? தெலுங்கில் அவனைத் தோற்கடித்துவிட்டேன். ஒரு பெரியவர் எழுந்து நின்றே கேட்டார்: "இன்னா நைனா, தமிழ்ல ஜெயிச்சவன் தெலுங்குல ஏன் தோத்துப்பூட்டான்? எங்க ஆளுங்க மேல உனக்கு இன்னா கோவம்?"

முன்வரிசை நாகம்மா

நாகம்மா பொதட்டூர்பேட்டையில் தறி நெய்கிறவள். மாமன் மகனையே கட்டியவள். அவனை 'எங்க பாவா' என்றுதான் சொல்வாள். அவன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனவன். ஏழெட்டு மாதமாக ஒரு கடிதாசி இல்லை. படத்துக்கு முன்னால் யுத்தச் செய்தி காட்டுவார்கள் அல்லவா, அதற்காகவே வெள்ளிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து, அக்கா வீட்டில் தங்கிப் போவாள். திரைக்கு நேர் கீழே உட்கார்ந்து, சிப்பாய் சிப்பாயாக முகம் தேடுவாள்.

செய்திப் படம் முடிந்ததும் என்னிடம் வருவாள். ஒவ்வொரு வாரமும் அதே கேள்விதான்: "நான் கண்ணு கொட்டாம பாத்துகினுதான் இருந்தேண்ணா. திரையில உன் பக்கமா எங்க பாவா எங்கனா வந்தாரா?"

தந்தி

ஒரு வெள்ளிக்கிழமை வந்த படத்தில் புருஷன் சண்டைக்குப் போகிறான், பெண்டாட்டி காத்திருக்கிறாள், தந்தி வருகிறது. அதில் என்ன இருந்தது என்று படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் உண்டு. கீழே நாகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். "லீவு கெடச்சிருச்சாம், வரானாம்!" என்றேன். படத்தில் அந்த அம்மாள் விழுந்து அழுதாள். "சந்தோசத்துல அழறா" என்றேன். கறுப்பு உடுத்தி வந்தாள். "அவங்க ஊர்ல விசேசத்துக்குக் கறுப்புதான்" என்றேன்.

எல்லாப் படத்தையும் அரக்கோணத்தில் முதலிலேயே பார்த்துவிட்டு, என் தப்பைப் பிடிப்பதற்கென்றே வருகிற ரயில்வே கார்டு ஒருவர் உண்டு. பெயர் ஞானமுத்து. அவர் பெஞ்சிலிருந்து எகிறி எழுந்தார். "யோவ், இன்னா புளுகுறே? அவன் எங்க..." என்றவர் நாகம்மாவைப் பார்த்துவிட்டார். கொட்டகையே அவரைத் திரும்பிப் பார்த்தது. மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். "ஆங், வரான் வரான். அடுத்த ரயில்லயே வரான். நான் அரக்கோணத்துலயே பாத்துட்டேன்."

பழுப்பு உறை

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், கொட்டகைக் கயிறுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம், நாகம்மா வந்து நின்றாள். கையில் பட்டாளத்திலிருந்து வந்த பழுப்பு உறை; உள்ளே இங்கிலீஷில் அச்சடித்த கடிதாசி. "அண்ணா, அன்னிக்கு அந்தத் தந்தில இன்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவ அழுததத்தான் பாத்தேனே. இதுல இருக்கறத இருக்கறபடி சொல்லு" என்றாள்.

ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தேன். காலில் குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். ஆறினதும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "உயிரோட இருக்காரும்மா! வந்துடுவாரு!" என்று கத்தியேவிட்டேன். அவள் முகத்தில் ஒரு அசைவில்லை. கடிதாசியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மடித்தாள். "நீ நல்ல மனசுக்காரண்ணா, அதான் பயமா கீது. கார்டு ஐயாவும் வேணாம், அவரும் உன் கட்சி. படமே பாக்காதவங்க யாருனா இங்கிலீஷ் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லு."

சினிமா என்றாலே முகம் சுளிக்கிற எங்கள் பாதிரியாரிடம் நானே கூட்டிப்போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். நான் சொன்னதேதான். அப்போதுதான் நாகம்மா மாதா கோயில் படியிலேயே உட்கார்ந்து, இத்தனை நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமென்ன. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, அந்தப் படத்துல சண்டைக்குப் போனவனும் வூட்டுக்கு வந்துட்டான்னே வெச்சுக்கலாம்."

திரை ஓரத்தில் நின்று நாலு வருஷம் வாய் கூசாமல் புளுகியவன், ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொன்னபோது, அதற்குப் பாதிரியாரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று.