முத்தையா அண்ணன் கை நீட்டியது எதை நோக்கி?

போன மாதம் ஜாசின் டவுனில் ஒரு வீட்டுக்கு லேப்டாப் பார்க்கப் போனேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு கம்ப்யூட்டரும் தெரியும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை... அரைகுறையாகத் தெரியும், அவ்வளவுதான்.

முத்தையா அண்ணன் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரே மகள் கவிதா மெல்பர்னில் நர்ஸ். அவளுக்கு நிறைமாதம் — விமானம் ஏறக்கூடாது.

போன் திரை அண்ணனுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் கட்டிலருகே ஒரு பழைய லேப்டாப். அதன் வைஃபை கெட்டுப்போனதால், யூஎஸ்பியில் நகமளவு அடாப்டர் ஒன்றைச் செருகியிருந்தார்கள். மதியம் மகள் வீடியோவில் அழைப்பாள். மணி அடித்ததும் அண்ணன் இடது கையால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும்.

ஆனால் கவிதாவால் ஒரு நாளும் அப்பாவைப் பார்க்க முடியவில்லை.

மனைவி சரோஜா அக்காவுக்கு ஃபேக்டரியில் பிற்பகல் ஷிப்ட்; மகள் அழைக்கும் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவார். அவர் வீடு திரும்பும்போது மெல்பர்னில் நள்ளிரவு. நான் போன அன்று லீவு எடுத்திருந்தார்.

“நான் வந்து மவுஸ அசைச்சா லைன் நல்லாத்தான் இருக்கு தம்பி. இவருதான் எடுக்க மாட்டேங்கிறாரு. லேப்டாப்பக் கையால தள்ளுறாரு. மக வரலன்னு கோவம்லா.”

தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஓடியது. அடாப்டரின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். அப்போதும் ஓடியது. கெடாத பொருளை எப்படிச் சரிசெய்வது?

அக்கா தேத்தண்ணி கொடுத்தார். வாங்கிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய இடது கை எழுந்தது. லேப்டாப்பை நோக்கி நீண்டு, ஆடியது.

“பாத்தியா? தள்ளுறாரு.”

அவர் தள்ளவில்லை. விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். அடாப்டரில் எரிந்த குட்டிப் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

விஷயம் இதுதான் — யாரும் தொடாமல் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று கம்ப்யூட்டரே அந்த அடாப்டரை அணைத்துவிடும்; மவுஸை அசைத்தால்தான் மறுபடி விழித்துக்கொள்ளும். அப்புறம் மகள் எத்தனை தடவை அழைத்தால் என்ன? செட்டிங்கில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். எடுத்துவிட்டேன். காத்திருந்தோம். விளக்கு அணையவில்லை.

“அண்ணே, இதத்தான் தெனமும் சொன்னீங்களா?”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஈரம்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பெத்த புள்ள மூஞ்சியப் பாக்க அவ்ளோ கசக்குதான்னு ஏசிட்டேனே தம்பி... தெனமும் ஏசிட்டேனே...”

மதியம் மணி அடித்தது. அண்ணனே தட்டினார்.

“ப்பா! ஐ தாட் யூ ஹேட் மீ, ப்பா... என்மேல கோவம் இல்லியே?”

அவர் திரையில் தெரிந்த மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் சில நாள்தான். அண்ணன் போய்விட்டார். கடைசிக் காரியத்தையும் கவிதா அதே லேப்டாப்பில்தான் பார்த்தாள். லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை.

ஒருவர் பதில் சொல்லாவிட்டால் நாம் என்னவெல்லாம் நினைக்கிறோம்? கோபம், வீம்பு, திமிர்... அவரால் சொல்ல முடியவில்லையோ என்பது மட்டும் ஏன் கடைசியில் தோன்றுகிறது?

தஞ்சோங் கிளிங்கில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரொம்ப நாளாகப் போனை எடுப்பதில்லை — நாளைக்குக் காரை எடுக்கிறேன்.