விறகு மண்டித் தராசில் ஏறிய மூன்று கிலோ

தங்கச் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீட்டின் சமையலறைச் சுவரில் நான் ஒட்டிய உணவு அட்டவணை சரியாக இருபத்தெட்டு நாள் இருந்தது. ஒட்டியது புதன்கிழமை, கிழித்ததும் புதன்கிழமை. அதனால் பயன்பெற்றவர்கள் நானும் என் தம்பியும். யாருக்காக எழுதினேனோ அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. என் மனைவிக்கு ஆறாம் மாதம். எங்கள் முதல் குழந்தை எடை குறைவாகப் பிறந்து பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது. அதனால் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவளை எடை பார்த்து, "நாப்பத்தி மூணு. பத்தாதும்மா. அடுத்த மாசத்துக்குள்ள ரெண்டு கிலோவாவது ஏறணும். இல்லைன்னா இந்தப் புள்ளையும் சின்னதாத்தான் பொறக்கும்" என்றபோது அவள் முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் நேராக ராபர்ட்சன்பேட்டை வாசகசாலைக்குப் போனேன். கஷ்டம் வந்தால் புத்தகம் தேடிப் போகிறவன் நான். வேறு சிலர் பால் வாங்கப் போவார்கள்.

அங்கே ஓர் ஆங்கிலக் கையேடு கிடைத்தது. இந்த உயரத்துக்கு இந்த எடை, இந்த வயதுக்கு இவ்வளவு உணவு என்று கைக்குழந்தை முதல் கிழவர் வரை கட்டம் போட்டிருந்தார்கள். அதன்படி எங்கள் லைனில் சரியான எடையுள்ளவர் ரேஷன் கடைக்காரர் ஒருவர்தான். கையேட்டில் பாலாடைக்கட்டி இருந்த இடத்தில் வேர்க்கடலையும், ஓட்ஸ் இருந்த இடத்தில் கேழ்வரகும், மீன் எண்ணெய் இருந்த இடத்தில் ஒரு சிறு கோடும் போட்டு, இரண்டு மையில் தமிழாக்கினேன். தம்பி தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி, அண்டர்கிரவுண்டில் வேலை செய்கிறவன், 'கடுமையான வேலை'. நான் டைம் ஆபீசில் ஆள் வருகை எழுதி நாற்காலி தேய்க்கிறவன்; 'நடுத்தர வேலை' என்று அடக்கமாகப் போட்டுக்கொண்டேன். மனைவி 'வீட்டில் இருப்பவர், இலேசான வேலை'. கர்ப்பத்துக்காக அவள் பெயருக்கு நேரே தினம் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கூடுதல்.

"இன்னாண்ணே, இவ்ளோ துன்னா கேஜ் என்னைக் கீழ எறக்கும், மேல தூக்குமா?" என்றான் தம்பி.

மனைவி படித்துப் பார்த்தாள். "எண்ணெய் தெறிக்கும், கொஞ்சம் மேல ஒட்டுங்க" என்றாள்.

வாரந்தோறும் எடை பார்க்காமல் என்ன ஆராய்ச்சி? ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறைதான் பார்ப்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவளை ஆண்டர்சன்பேட்டை விறகு மண்டிக்கு அழைத்துப் போனேன். ஒரு பக்கம் இரும்புக் கல், மறுபக்கம் சங்கிலியில் தொங்கும் பலகை.

"என்னை இன்னா சவுக்குக் கட்டைன்னு நெனச்சீங்களா?"

"ஒரு நிமிஷம்தான், உக்காரு."

மண்டிக்காரர் மரியாதையாகப் பலகையைத் துடைத்துவிட்டார். நாற்பத்தாறு! நாலே நாளில் மூன்று கிலோ. டைரியில் அடிக்கோடிட்டு எழுதினேன். அடுத்த ஞாயிறும் நாற்பத்தாறு, அதற்கடுத்ததும் அதுவே. 'உடல் நிலைபெறுகிறது' என்று எழுதினேன். நான்காவது ஞாயிறு நாற்பத்தாறரை. வாசகசாலையில் ஒரு கட்டுரை வாசிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரித் தராசு நாற்பத்து மூன்றரை காட்டியது. நான் டைரியை நர்ஸம்மாவிடம் நீட்டினேன்.

"இதெல்லாம் எங்க சார் பாத்தீங்க?"

சொன்னேன். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "அந்தத் தராசா? அதுல இருவது கிலோ வாங்கினா வூட்டாண்ட வர்றதுக்குள்ள மெலிஞ்சிடும் சாமி!" என்றாள் ஒருத்தி.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "மாசம் முழுக்க அரை கிலோதான் ஏறியிருக்கு. இந்தம்மா இன்னா சாப்புடுது?" என்றார். அட்டவணையை மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

வரும் வழியில் கேட்டேன். "தராசு விஷயம் உனக்குத் தெரியுமா?"

"லைனுக்கே தெரியும். நீங்க அவ்ளோ ஆசையா எழுதிக்கினு இருந்தீங்க."

"முட்டை?"

"பாதி உங்க தம்பிக்கு, பாதி உங்க கேரியர்ல. கொழம்பு நல்லா இருக்குன்னு ரெண்டு தடவ சொன்னீங்களே."

"உனக்குன்னுதானே எழுதியிருந்தேன்!"

"இலேசான வேலைன்னும் நீங்கதானே எழுதினீங்க? காலைல கொழாயாண்ட பதினாலு கொடம், அப்பால களி கிண்டறது, துணி தொவைக்கறது. கஷ்டமான வேலை செய்யறவருக்கு அதிகம் போடணும்னு சுவத்துலயே இருக்குது. படிச்சேன், போட்டேன்."

பதினாலு குடத்தை நான் எண்ணியதே இல்லை. அவசியமில்லாத எல்லாவற்றையும் எண்ணியிருந்தேன்.

அட்டவணையைக் கிழித்தேன். மறுநாளிலிருந்து குழாயடிக்கு நானும் தம்பியும் போனோம். லைன் முழுவதும் வேடிக்கை பார்த்தது. அவள் முதலில் உட்கார்ந்து, எங்கள் கண்ணெதிரே முட்டையையும் பாலையும் முடித்த பிறகே எங்களுக்குச் சோறு. முதல் வாரம் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. "ரெண்டு ஆம்பளைங்க மொறைச்சுக்கினு இருந்தா எப்படித் துன்றது?" என்று திட்டிக்கொண்டே தின்றாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரித் தராசில் நாற்பத்தாறு. இந்த முறை நிஜமானது.

பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது மனைவி தொட்டிலருகே வந்து நின்று, குழந்தை மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு, முதல்முறையாகச் சிரித்தாள்.

"மண்டில போட்டா மூணே வரும் அண்ணி" என்றான் தம்பி.

"போ, போட்டுட்டு வா. எழுதிக்க உங்க அண்ணன் நோட்டோட நிக்கிறாரு."

நின்றுகொண்டுதான் இருந்தேன்.